ஒரே பேரில் இரண்டு கங்கா

பிள்ளைக்குப் பேர் வைப்பது என்றால் சும்மாவா? ஜோசியரைக் கேட்க வேண்டும், பிறந்த வீட்டில் ஒரு எழுத்து சொல்வார்கள், புகுந்த வீட்டில் ஒரு எழுத்து சொல்வார்கள், இரண்டும் ஒத்துவருவதற்குள் பிள்ளை குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆனால் தணிகைவேல் ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் பேர் வைப்பான். அதுவும் கையில் வாங்கிய டீ ஆறுவதற்குள்.

வடமாலபேட்டைக்குப் பக்கத்தில், திருப்பதி ரோட்டின் மேலேயே இருக்கிற ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அட்மிஷன் முடிந்ததும் ஆபீசிலிருந்து முதல் வருஷப் பிள்ளைகளின் பேர்கள் ஒரு ஃபைலில் வரும். வரிக்கு ஒரு பேர், பக்கத்தில் என்ன படிப்பு என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ரோல் நம்பர் வந்துசேர இன்னும் நாளாகும். அதற்குள் ஒவ்வொருவரும் லேப் மெஷினுக்குள் நுழைய ஒரு லாகின் பேர் வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்தால் ஒரு வாரம் போகும். தணிகைவேல் அதற்கென்று கறுப்புத் திரையில் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தான். பத்து வரிகூட இருக்காது. பேரில் முதலில் நிற்கிற வீட்டுப் பேரிலிருந்து ஒரே ஒரு எழுத்தைக் கிள்ளும், அதோடு பிள்ளையின் சொந்தப் பேரை ஒட்டும், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும், வரிசையில் நிறுத்தும். பூண்டி காவ்யா பி-காவ்யா ஆவாள். என்டர் தட்டினால் போதும், மழைக்காலத்து ஈசல் கிளம்புகிற மாதிரி பேர்கள் திரையில் கிளம்பும்.

அதில் ஒரு வரிதான் அவனுக்கு ரொம்பச் செல்லம். அட்மிஷன் ஆபீசில் ஒரே பிள்ளையை இரண்டு பேர் இரண்டு இடத்தில் அடித்துத் தொலைப்பார்கள். கவுன்சிலிங் லிஸ்டில் ஒரு தரம், ஃபீஸ் கவுன்டரில் ஒரு தரம். ஆகவே ஒன்றுபோல இருக்கிற வரிகளை அந்த ஒரு வரி பொறுக்கியெடுத்துத் திரையில் காட்டி, ‘ஒன்றை எடுத்துவிடவா?’ என்று கேட்கும். தணிகைவேல் உடனே தட்டிவிட மாட்டான். ஆபீஸ் தரணிக்குப் போன் போட்டு, “ஏம்மா, இந்தப் பேரு ஒருத்தரா, ரெண்டு பேரா?” என்று கேட்டு, அவள் சொன்ன பிறகுதான் தட்டுவான். அவ்வளவு கறார். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும்.

இந்த வருஷமும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். கடைசியாக ஒரு ஜோடி மிச்சம் நின்றது. கல்லுமேட்டு கங்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ். கீழேயே இன்னொரு தரம், கல்லுமேட்டு கங்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ். தணிகைவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்தீங்களா மேடம், என் பொண்ணையே ரெண்டு தபா அடிச்சி வெச்சிகீறானுங்க” என்றான், பக்கத்து மேஜை சபீனாவிடம். சபீனா ஆம்பூரிலிருந்து வந்து திருப்பதியில் குடியிருக்கிற பெண், அவனோடு லேப் பார்க்கிறவள்.

“தரணிய ஒரு வார்த்த கேட்டுக்குங்க சார்.”

“என் பொண்ணு எத்தினி பேருன்னு ஆபீஸ்ல கேட்டாதான் எனுக்குத் தெரியுமா?” என்று சொல்லி, ஜம்பமாக என்டரைத் தட்டினான். ஒரு கங்கா போனாள், ஒரு கங்கா நின்றாள். மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவனுக்குச் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மதியம். மறுநாள் டெஸ்ட் என்பதால் ஏ செக்‌ஷனுக்கும் பி செக்‌ஷனுக்கும் அன்று ஒரே நேரத்தில் லேப் விட்டிருந்தார்கள். மற்ற நாளில் அவர்களுக்கு வேறு வேறு கிழமை. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தணிகைவேல் திரையில் ஒரு பார்வை பார்த்தான். மாடி லேபில் கே-கங்கா. சரி, அவன் பெண் ஏ செக்‌ஷன், அங்கேதான் இருக்க வேண்டும். கீழ் லேபில் ஜன்னலோர மெஷினிலும் கே-கங்கா.

ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எவனோ பாஸ்வேர்டைத் திருடியிருக்கிறான்! அதுவும் யார் பெண்ணின் பாஸ்வேர்டை? லேப்பைக் காவல் காக்கிறவன் பெண்ணுடையதை! செருப்பை மாட்டக்கூட மறந்து, வெறுங்காலோடு கீழ் லேபுக்குப் போனான்.

ஜன்னலோரத்தில் திருடன் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பின்னல், முதுகு மட்டும் தெரிந்தது. நடுவில் யோசனை வந்தபோது வலது காது மடலைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தக் காது இழுப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

“ஏம்மா, இது யாரு லாகின் தெரியுமா உனுக்கு?”

“தெரியும் சார். சின்ன கங்காது” என்று சொல்லிக்கொண்டே எழுந்து திரும்பியவள், அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சின்ன கங்கா. அந்த வார்த்தை அவன் காதில் விழுந்து பத்து வருஷம் இருக்கும். அவனுக்கு முன்னால் அண்ணன் திருவேங்கடத்தின் முகம் தாவணி வயசில் நின்றது. அதே காது, அதே அகல நெற்றி.

“சின்ன நைனா, அவள ஒண்ணும் சொல்லாதீங்க. எனுக்கோசரந்தான் பாஸ்வேர்டு குடுத்தா” என்றாள் அவள். எட்டு வயசில் அவன் முதுகில் ஏறிக்கொண்டு ‘வா, போ’ என்று பேசிய குழந்தை இப்போது ‘நீங்க’ போட்டுப் பேசியது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

கல்லுமேட்டுக்காரர்கள் கார்வேட்டிநகரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். தாத்தன் காலத்திலிருந்து அங்கேயே விவசாயம். வீட்டுக்கு மூத்த பெண் பிறந்தால் கங்கம்மா பேர்தான் வைப்பார்கள். வேறு பேர் வைக்க எவனுக்கும் தைரியம் கிடையாது. திருவேங்கடத்துக்கும் தணிகைவேலுக்கும் ஒரே வருஷத்தில் தலைச்சன் பெண் பிறந்தது, அண்ணன் பெண் முன்னால், தம்பி பெண் பின்னால். இரண்டும் தலைச்சன், இரண்டுக்கும் அம்மன் பேர். தமிழ்நாடாக இருந்திருந்தால் அப்பன் எழுத்து முன்னால் நின்று இரண்டையும் பிரித்திருக்கும். இங்கே ஸ்கூலில் வீட்டுப் பேரைத்தான் முன்னால் போடுவார்கள், ஆகவே காகிதத்தில் இரண்டும் கல்லுமேட்டு கங்கா. வீட்டுக்குள் யாருக்கும் அது சிக்கலாக இல்லை. அது பெரிய கங்கா, இது சின்ன கங்கா. ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும்.

பிறகு ஒரு கோடையில் சின்ன கங்கா மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். தணிகைவேல் வேலைக்குப் போயிருந்தான். திருவேங்கடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புத்தூருக்கு ஓடிக் கட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஊர் உலகமெல்லாம் புத்தூர்க் கட்டுக்குத்தான் வரும். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சாயங்காலம் வந்த தணிகைவேலுக்கு, சித்தூரில் பாலிடெக்னிக் படித்த திமிரோ, பெண் அழுததைப் பார்த்த பதற்றமோ, என்னவோ ஒன்று. “யாரக் கேட்டு என் பொண்ணு மேல கை வெச்ச?” என்று பத்துப் பேர் முன்னால் அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டு, குழந்தையைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே டாக்டர் எலும்பு ஒழுங்காகத்தான் நிற்கிறது என்று சொல்லி, மாவுக்கட்டு போட்டு அனுப்பினார். திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் நின்று, “சர்தான். இன்னிலிருந்து அது உன் பொண்ணு, இது என் பொண்ணு” என்றார். கை கூடிவிட்டது. அண்ணன் தம்பிதான் கூடவில்லை. தணிகைவேல் புத்தூருக்குக் குடிபோனான். பெரியவள் இல்லாத வீட்டில் சின்னவள் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் பெண் வெறும் கங்கா ஆகிவிட்டாள்.

இப்போது பெரிய கங்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “எல்லாருக்கும் லாகின் சீட்டு குடுத்தாங்க. எனுக்கு வர்ல. கிளாஸ் மேடம் உங்கள வந்து பாக்கச் சொன்னாங்க.”

“வந்திருக்கலாமே கண்ணு. ஏன் வர்ல?”

“நைனா வேணாம்னாரு.” ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னாள். “‘அத்தினி பேருக்கும் போட்டவன் உனுக்கு மட்டும் போடலன்னா இன்னா அர்த்தம்? அவங்கிட்ட போயி கைகட்டிக்கினு நிக்காதே’ன்னாரு. அப்பறந்தான் அவ, ‘என்னுதுலயே எழுது’ன்னு சொல்ச்சி. ஆனா நாளைக்கு டெஸ்ட்டு. லாகின் பேர வெச்சித்தான் மார்க்காம். ஒண்ணுல ரெண்டு பேரு எழுத முடியாது. அவ எழுதட்டும் சின்ன நைனா. எனுக்கு ஆப்சென்ட் போட்டா போட்டுக்கினு போறாங்க.”

தணிகைவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. திரையில் இரண்டு வரி. ஒன்றை எடுக்கவா என்று மெஷின் கேட்டது. சிரித்துக்கொண்டே தட்டினானே, அந்த விரலை என்ன செய்யலாம்?

“ஏன் சின்ன நைனா என் பேர எடுத்துட்டீங்க?” என்று அவள் கேட்டாள். அதில் கோபம் துளிகூட இல்லை. அதனால்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“நான் எடுப்பனாம்மா? மெஷின் தப்பு. ஒரே மாதிரி பேரு கீதில்ல, அது அடிச்சிடுச்சி” என்று சொல்லிவிட்டான். பொய் என்பது எவ்வளவு சுலபமாக வந்து வாயில் உட்கார்ந்துகொள்கிறது!

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “நான் சொன்னேன் நைனாகிட்ட! சின்ன நைனா அப்பிடிலாம் செய்யாதுன்னு நான் சொன்னேன்” என்றாள், மரியாதை மறந்துபோய்.

அங்கேயே உட்கார்ந்து அவளுக்கு லாகின் போட்டான். கே-கங்கா ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே பின்னால் ஒரு இரண்டு. கே-கங்கா-2. சீட்டில் எழுதிக் கொடுத்தான். அவள் அந்த இரண்டைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

“நானா ரெண்டாவது?” என்று சிரித்தாள். “பரவால்ல. தேங்க்ஸ் சின்ன நைனா.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். இவன் மேலே வந்து நாற்காலியில் விழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை. சபீனா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வெயில் என்றான். லேபில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

லேப் முடிந்த கையோடு அவன் பெண் வந்து நின்றாள். இடுப்பில் கை. தாயார் கோபம் வந்தால் நிற்கிற அதே நிலை.

“நைனா, மெஷின் தப்புன்னியாமே?”

“நீங்க ரெண்டு பேரும் எத்தினி நாளா பேசிக்கினு கீறீங்க?”

“சேந்த நாள்லருந்து. பஸ் ஸ்டாண்டுல அவளே வந்து கையப் புடிச்சிக்கினா. சண்ட உங்க ரெண்டு பேருக்குத்தானே, எங்களுக்கு இன்னா வந்திச்சி? நீ பேச்ச மாத்தாதே. மெஷின் சொன்னதச் செய்யும், சொல்லாததச் செய்யாதுன்னு மூச்சுக்கு முந்நூறு தபா எனுக்குச் சொல்றது யாரு?”

அவன் மேஜை மேலிருந்த தூசியைத் தட்டினான்.

“மெஷின் உன்னிய கேட்டுச்சா, இல்லியா?”

“கேட்டுச்சி.”

“நீ இன்னா நெனச்ச?”

“உன்னத்தான் ரெண்டு தபா அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. குரலும் இறங்கிவிட்டது. “இன்னொரு கங்கா அவதான்னு உனுக்குத் தோணவே இல்லியா? அவள மறந்தே போய்ட்டியா நைனா?”

மறக்கவில்லை என்றால் வேண்டுமென்றே எடுத்தான் என்றாகிவிடும். வேண்டுமென்று எடுக்கவில்லை என்றால் மறந்தான் என்றாகிவிடும். கோபத்தில் எடுத்துவிட்டான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார், அது பொய். சுத்தமாக மறந்துவிட்டான் என்பதுதான் மெய். அந்த மெய் பொய்யைவிடக் கேவலமாக இருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு கங்கம்மா ஜாத்திரை காட்டிய குழந்தை, வேப்பிலைக் கட்டைப் பார்த்துப் பயந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்ட குழந்தை, ஒரு பேராகக்கூட ஞாபகம் வரவில்லை.

கங்கா அவன் மெஷினைத் தன் பக்கம் திருப்பி, தன் லாகினுக்குள் போய்க் காட்டினாள். உள்ளே இரண்டே இரண்டு ஃபோல்டர். ஒன்றுக்குப் பெரிய என்று பேர், இன்னொன்றுக்குச் சின்ன என்று பேர். “நாங்க அவங்கவங்க எடத்துல அவங்கவங்க எழுதிக்கினோம். ஒருத்தர் எழுதுனத ஒருத்தர் தொட்டதில்ல” என்றாள். பிறகு, “அவளுக்கு ஒண்ணு போடு. எனுக்கு ரெண்டு போடு. அவதானே பெரியவ” என்றாள்.

தணிகைவேல் மாற்றினான். மாற்றிவிட்டு, தன் செல்ல ஸ்கிரிப்டைத் திறந்து, ஒன்றை எடுக்கவா என்று கேட்கிற அந்த வரியைத் துடைத்துப் போட்டான். இனிமேல் ஒரே பேரில் இரண்டு வந்தால் இரண்டும் நிற்கும், பின்னால் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுக்கொண்டு. ஆபீஸ்காரன் ஒரே பிள்ளையை இரண்டு முறை அடித்திருந்தால் அடித்திருக்கட்டும். ஒரு லாகின் சும்மா கிடந்தால் குடி முழுகிவிடாது.

“இந்தா,” என்று போகும்போது திரும்பினாள் கங்கா. “பெரிய நைனாகிட்ட போயி மெஷின்னு சொல்லாதே. இன்னா?”

அண்ணன் திருவேங்கடம் பஸ் டிரைவர். திருப்பதியிலிருந்து வடமாலபேட்டை, புத்தூர் வழியாகக் கார்வேட்டிநகரம் போகிற சாயங்கால பஸ் அவருடையது. அதாவது தணிகைவேல் வீட்டுக்குப் போக வேண்டிய பஸ். பத்து வருஷமாக அவன் ஸ்டாப்பில் நின்று, தூரத்தில் அந்த ஹாரனைக் கேட்டதும் டீக்கடைக்குள் புகுந்துகொள்வான். பஸ் போன பிறகு வெளியே வந்து அடுத்த பஸ்ஸில் ஏறுவான். டீக்கடைக்காரனுக்கே இது தெரியும், ஹாரன் கேட்டதும் அவனே ஸ்டூலை எடுத்துப் போடுவான்.

அன்றைக்கும் ஸ்டூல் போட்டான். தணிகைவேல் உட்காரவில்லை. கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி, முன் கதவில் ஏறி, இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்தான். டிரைவருடன் பேசக் கூடாது என்று தலைக்கு மேலே தெலுங்கில் எழுதியிருந்தது. கண்டக்டர் ரங்கையா வந்து புத்தூருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

திருவேங்கடம் திரும்பவில்லை. கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். காது மடலை இழுத்துவிட்டுக்கொண்டார். முடி நன்றாக நரைத்துவிட்டிருந்தது. எப்போது நரைத்தது என்று தணிகைவேலுக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே பேசினார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “பொண்ணு போன் பண்ணிச்சி. மெஷின் தப்பாமே.”

“மெஷின் தப்பு இல்லணா.”

ஒரு லாரி குறுக்கே வந்தது. அதை விட்டுவிட்டு கியரை மாற்றினார்.

“மெஷின் ரெண்டு பேரையும் காட்டிச்சி. ஒண்ணு எடுக்கவான்னு என்னத்தான் கேட்டுச்சி. நான்தான் தட்டினேன். ஆனா வேணும்னு செய்யலணா, கங்கம்மா சத்தியமா. என் பொண்ணயே ரெண்டு தபா அடிச்சிகீறாங்கன்னு நெனச்சிக்கினேன்.” கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டினான். “நம்ம வூட்ல இன்னொரு கங்கா கீதுன்னே எனுக்கு ஞாபகம் வர்லணா.”

பின் சீட்டில் யாரோ போனில் தெலுங்குப் பாட்டு வைத்திருந்தார்கள், அது முடிந்து அடுத்த பாட்டு வந்தது. புத்தூர் எல்லை தெரிந்தது. திருவேங்கடம் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“நீ கோவத்துல எடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. அதுவே தேவலாம் போலக்கீது. கோவத்துல எடுக்கணும்னாலும் நெனப்பு இருக்கணுமில்ல?”

தணிகைவேல் அழுதுவிட்டான். நாற்பத்தைந்து வயசு ஆள், ஐந்நூறு பேருக்குப் பேர் வைக்கிறவன், ஓடுகிற பஸ்ஸில் கர்சீப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். எதிர் சீட்டுக்காரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ரெண்டு போட்டுக் குடுத்தியாமே எம் பொண்ணுக்கு?” என்றார் அண்ணன். “பெரியவ யாருடா?”

“உன் பொண்ணுதாணா. மாத்திட்டேன். அவளுக்குத்தான் ஒண்ணு. எம் பொண்ணுக்கு ரெண்டு. அவளே மாத்தச் சொல்ட்டா.”

“சின்னதா சொல்ச்சி?”

“சின்ன கங்காதான் சொல்ச்சி” என்றான் தணிகைவேல். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் ‘சின்ன’ தன் வாயிலிருந்து வந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். காது மடலை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பஸ் புத்தூர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. “புத்தூரு! திகேவாள்ளு திகண்டி!” என்று இறங்குகிறவர்களை அவசரப்படுத்திக் கத்திக்கொண்டே ரங்கையா வந்து, எழுந்துகொண்ட தணிகைவேலுக்கு வழிவிட்டார்.

“அவன் எறங்கல” என்றார் திருவேங்கடம், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். “கார்வேட்டிநகரம் டிக்கெட் ஒண்ணு கிழி. வூட்டுக்கு வர்றான். என் தம்பி.”

பத்து வருஷமாக அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற ரங்கையா, இவருக்கு ஒரு தம்பி இருப்பதே தெரியாமல் வாயைப் பிளந்தார்.

தணிகைவேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டான். பெண்தான் எடுத்தாள். “நான் வர நேரமாவும்மா. பெரிய கங்கா வூட்டுக்குப் போய்க்கினு கீறேன்” என்றான்.

அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். “என்ன வுட்டுட்டா? பஸ் எங்க கீது? பெரிய நைனாவ நிறுத்தச் சொல்லு, தோ வந்துட்டேன்!”

அவர்கள் வீடு ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே. பஸ் கிளம்ப வேண்டிய நேரம் வந்து, போய்விட்டது. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், “ஏமண்டி டிரைவரு, இக்கடே படுகுந்தாமா?”, இங்கேயே படுத்துக்கொள்வோமா, என்று கேட்டார். திருவேங்கடம் இன்ஜினை அணைக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. சின்ன கங்கா ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பையுமாக ஓடிவந்து முன் கதவில் தொற்றி ஏறினாள்.

அவர் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். பத்து வருஷமாக உள்ளே வைத்திருந்த கேள்வி அதுதானோ என்னவோ, வேறு எதுவும் கேட்கவில்லை.

“கை எப்பிடிம்மா கீது?”

“எந்தக் கை, பெரிய நைனா?” என்றாள் சின்ன கங்கா மூச்சு வாங்க.

“உழுந்தியேம்மா மரத்துலருந்து. இதோ, இந்தக் கை.” அவர் அவளுடைய இடது கையைத் தொட்டார்.

“இல்லணா, அந்தக் கை” என்று தணிகைவேல் வலது கையைப் பிடித்தான்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் நிச்சயமில்லை. கைக்கு உடையவளோ இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள். திருவேங்கடத்துக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் ரங்கையாவும் சிரித்துக்கொண்டே விசில் ஊதினார்.

“போயி ஒக்காரு, சின்ன கங்கா” என்று சொல்லிவிட்டு, திருவேங்கடம் கியரைப் போட்டார்.